குடை போட்ட கைத்துணி

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பொறாமைக்கு ஒரு பரிசு வைத்தால் அதைப் பெரியவள்தான் வாங்குவாள். பரிசைச் சின்னவள் கையால் கொடுத்தால் மட்டும் வாங்க மாட்டாள்.

நான் அங்கே பெயிண்டர். பின்பக்க ஷெட்டில் தார்ப்பாய்த் திரைக்குள் நின்று வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது என் வேலை. ஈரப் பெயிண்ட் மேல் தூசி விழுந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அதனால் என் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெரியவள் மட்டும் டீ டம்ளரோடு வருவாள். காலி டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தங்கச்சியைப் பற்றிப் பேசித் தீர்த்துவிட்டுப் போவாள். நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி அந்த டின்னின் மேலிருந்து கேட்டது.

எங்கள் முதலாளிக்கு இரண்டு பெண்கள். இருவருக்குமே ஒர்க்‌ஷாப்பில்தான் வேலை. பெரியவள் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டாள். கம்பி வலை அடித்த அறை. ஃபில்டர், பேரிங், ஆயில் டப்பா என்று நாலு பக்கமும் அடுக்கியிருக்கும். எந்த வண்டிக்கு எந்த வாஷர் என்று கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பாள். சின்னவளுக்கு முன்பக்கத்துக் கண்ணாடி அறை. போன், பில், வண்டி கொண்டு வருபவர்களிடம் சிரித்த முகமாய் நாலு வார்த்தை, தலைக்கு மேல் ஏசி.

“அவ குளுகுளுன்னு கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கா. நான் கோழி மாதிரி வலைக்குள்ள கிடக்கறேன்” என்பாள் பெரியவள்.

“நீயும் போய் அங்க உக்காரேன்மா. யாரு வேண்டாம்னா?”

“நான் போனா அவ எந்திரிச்சு இடம் குடுப்பாண்ணே. அதுக்கு நான் வெயில்லயே நின்னுட்டுப் போறேன்.”

சின்னவளிடம் ஏதாவது ஒரு குறை இருந்திருந்தால் பெரியவள் பிழைத்துப் போயிருப்பாள். திட்டுவதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அந்தப் பெண்ணோ வஞ்சகம் இல்லாமல் எல்லோருக்கும் நல்லவளாக இருந்து தொலைத்தாள். அக்கா ஒன்றைக் கண்ணால் பார்த்தால் போதும், கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடுவாள். பெரியவள் அவளுடைய முடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள், கையெழுத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள், ஒரு முறை அவளுக்கு வந்த காய்ச்சலைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டாள். “எனக்கு வந்தா ஒரு மாத்திரையோட போச்சு. அவளுக்கு வந்தா வீடே கட்டிலைச் சுத்தி நிக்குது” என்று டின்னில் உட்கார்ந்து பொருமினாள்.

பெரியவளின் வீட்டுக்காரர் அதே ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய்க் கையோடு வளர்ந்தவர். இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார், பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். சின்னவளின் வீட்டுக்காரர் ஒரு பெரிய ஷோரூமில் வேலை பார்த்துவிட்டு, வண்டியின் கோளாறைத் திரையில் காட்டுகிற ஸ்கேனரோடு வந்து சேர்ந்தவர். அந்தப் பெட்டிக்கு மூத்தவர் வைத்த பெயர் ஜாதகப் பொட்டி. இளையவர் அதற்கும் “சரிங்கண்ணே” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் மூத்தவருக்குப் பொறுக்காது. பெரியவள் வீட்டில் பொறாமை ஜோடியாகத்தான் குடியிருந்தது.

அப்போது முதலாளிக்கு மூட்டு வலி முற்றியிருந்தது. சீக்கிரமே வீட்டோடு இருந்துவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷட்டர் சாவியை ஒரு மாப்பிள்ளை கையில் கொடுத்தாக வேண்டும். சாவி யாரிடமோ, அவர் சொல்வதுதான் ஒர்க்‌ஷாப்பில் சட்டம். மாப்பிள்ளைகள் இரண்டு பேர், சாவி ஒன்று. இதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை, ஆனால் வேறு எதைப் பற்றியும் யாரும் யோசிக்கவும் இல்லை.

இங்கே எங்கள் துணி விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். கடையில் விற்கிற நூல் வேஸ்ட்டை முதலாளி உள்ளே விட மாட்டார். அதிலிருந்து ஒரு பிசிறு, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவுக்குள் போனால் வேலை முடிந்தது என்பார். கை துடைக்க, குழாய் வாயை அடைக்க, எல்லாவற்றுக்கும் துவைத்த பழைய பருத்தித் துணிதான். அதையும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும். ஒருவர் துணியை இன்னொருவர் தொடக்கூடாது. எந்த வண்டியிலாவது துணி கிடந்தால் யாருடைய வேலை என்று கேட்கவே வேண்டாம், துணியே சொல்லிவிடும். இந்தச் சட்டத்தால் யார் வீட்டில் எந்தப் போர்வை கிழிந்தது, எந்தப் பாவாடை சாயம் போனது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

ஒரு நாள் சின்னவள் புது டாப்ஸ் ஒன்று போட்டு வந்தாள். நல்ல மஞ்சள் பருத்தித் துணி, அதில் சின்னச் சின்னதாக நீலக் குடைகள். நிறம் என் தொழில், அதனால் சொல்கிறேன்: அந்த மஞ்சளைக் கலந்து எடுப்பது சுலபமில்லை. வந்தவர் போனவர் எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். சில நாள் பொறுத்த பெரியவள், வலைக்குள் இருந்தபடியே ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள்.

“அந்தக் கலரு எனக்கு இன்னும் எடுப்பா இருக்கும்.”

அவ்வளவுதான். மறுநாள் காலையில் அந்த டாப்ஸ் துவைத்து, தேய்த்து, மடித்து ஸ்டோர் மேஜையில் இருந்தது. “உனக்குத்தான்க்கா நல்லா இருக்கும், நீ போட்டுக்கோ” என்று சொல்லிவிட்டுச் சின்னவள் கண்ணாடி அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு பெரியவள் போட்டுப் பார்த்தாள். டாப்ஸின் கை தோள்வரை ஏறவில்லை. கொடுத்தும் கெடுத்தாளே என்று வயிறு எரிந்து, இருந்த இடத்திலேயே கத்தரிக்கோலை எடுத்து முதலில் டாப்ஸின் ஒரு கையை வெட்டினாள்.

அதே நேரத்தில் முதலாளியின் சொந்தக் கார் சர்வீஸில் நின்றது. டர்போ வைத்த டீசல் கார், அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. இரண்டு மாப்பிள்ளைகளும் சேர்ந்தே அதில் வேலை செய்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டிருந்த மூத்தவர் காருக்கு அடியிலிருந்து கத்தினார்.

“துணி தீந்துடுச்சு. ஒண்ணு போடு.”

கையில் இருந்ததைப் பெரியவள் வலைச் சந்தின் வழியாகத் தூக்கிப் போட்டாள். அந்த மஞ்சள் கை. அவர் எந்தத் துணியையும் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிற ஆள் இல்லை, வாங்கிய கையோடு சுருட்டிக்கொண்டார். மீதித் துணியை அவள் பையில் திணித்து, வீட்டில் தரை துடைக்க எடுத்துப் போனாள். சாயங்காலம் கார் சுத்தமாகக் கிளம்பிப் போனது.

பிறகு ஒரு மத்தியானம் முதலாளி முகம் வெளுத்துப்போய் வந்து இறங்கினார். மேம்பாலத்து ஏற்றத்தில் ஒரு லாரியை முந்தப் போயிருக்கிறார். பாதி முந்தியபோது காலை அழுத்துகிறார், வண்டி இழுக்கவில்லை. இன்ஜின் ஓடுகிறது, வேகம் ஏறவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. எதிரே பஸ். லாரிக்காரர் பிரேக் போட்டு வழி விட்டதால் ஒதுங்கித் தப்பித்தார். ஓரமாக நிறுத்தி, அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் வண்டி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடியிருக்கிறது.

“கடைசியா இதுல கை வச்சது நீங்க ரெண்டு பேரும்தான்” என்றார் மாப்பிள்ளைகளைப் பார்த்து. “என்னன்னு கண்டுபிடிங்க. உங்க அத்தையும் பக்கத்துல உக்காந்திருந்தா. கண்டுபிடிச்சப்புறம் சாவியைப் பத்திப் பேசுவோம்.”

இதைவிட நேராகச் சொல்ல முடியாது. யார் செய்த தப்பு என்று தெரிகிறதோ அவருக்குச் சாவி இல்லை. வலைக்குள் பெரியவள் எழுந்து நின்றுவிட்டாள்.

இளையவர் ஸ்கேனரை மாட்டினார். காற்றழுத்தம் போதவில்லை என்று காட்டியது. பொய் சொல்வது அழுத்தம் பார்க்கும் சென்சாராக இருக்கலாம் என்று அதை மாற்றினார். மாறவில்லை. மூத்தவர் டர்போவே போய்விட்டது என்று அடித்துச் சொன்னார். கழற்றி அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் அது ஆடாமல் இரும்பு மாதிரி நின்றது. எங்காவது ஹோஸ் கிழிந்து காற்று வெளியே போகிறதா என்று குழாய்க்குள் புகை விட்டுப் பார்த்தார்கள். ஒரு இடத்திலும் புகை வரவில்லை. ஷெட்டில் நிறுத்தி வைத்து எவ்வளவு உறுமவிட்டாலும் வண்டி நன்றாகவே இருந்தது. பாரம் ஏறினால்தான் அதற்கு அந்த வியாதி வந்தது.

கடைசியில் ஏற்றத்திலேயே கொண்டுபோய் ட்ரையல் பார்ப்பது என்று முடிவானது. பாரத்துக்கு ஆள் வேண்டும் என்று என்னைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். பாரம் என்றதும் அவர்களுக்கு என் உடம்பு ஞாபகம் வந்ததில் எனக்கு வருத்தம்தான். மூத்தவர் ஓட்டினார். இளையவர் மடியில் ஸ்கேனரோடு பக்கத்தில். இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

ஏற்றத்தில் மூத்தவர் காலை அழுத்தினார். டர்போவின் விசில் கிளம்பியது, அடுத்த கணம் வண்டி தொய்ந்தது.

“அழுத்தம் பாதிகூட ஏறல பெயிண்டரண்ணே” என்றார் இளையவர்.

“விசில் கேட்டுச்சா இல்லையா?” என்றார் மூத்தவர் என்னிடம்.

“நல்லாக் கேட்டுச்சு.”

“அப்ப டர்போ சுத்துது. சுத்துற டர்போ அடிக்கற காத்து எங்க போகுதுன்னு ஜாதகப் பொட்டியைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க.”

“வெளிய போகல. புகை விட்டுப் பாத்தாச்சுல்ல.”

“வெளியவும் போகல, இன்ஜினுக்கும் போய்ச் சேரல. அப்ப?”

மூத்தவர் வண்டியை ஓரம் கட்டினார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “வழியில அடைப்பு” என்றார்கள். ஒரே நேரத்தில் சொல்லிவிட்டதற்காக ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள். மெதுவாகப் போகும்போது ஓரமாகப் படுத்துக்கிடப்பதும், காற்று பலமாக அடித்தால் உருண்டு வந்து வளைவில் அடைப்பதும், அணைத்தால் திரும்ப விழுந்துவிடுவதுமாக ஏதோ ஒன்று குழாய்க்குள் இருக்கிறது. அது என்னவாக இருக்கும் என்று எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எவருக்கும் சொல்லித் தர வேண்டாம். திரும்பி வரும் வழியில் இரண்டு மாப்பிள்ளைகள் முகத்திலும் ஈயாடவில்லை.

இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற குழாயை மூத்தவர் கழற்றும்போது எல்லோரும் சுற்றி நின்றோம். முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூத்தவர் வளைவுக்குள் விரலை விட்டு, கறுத்து எண்ணெய் சொட்டுகிற ஒரு உருண்டையை இழுத்தெடுத்தார்.

“பிரிங்க மாப்பிள்ளை” என்றார் முதலாளி.

பானெட் மேல் வைத்துப் பிரித்தார். வெளியே கரி. உள்மடிப்பில் மட்டும் சாயம் அப்படியே இருந்தது. மஞ்சள், அதில் நீலக் குடைகள். எல்லோர் கண்களும் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பின.

மூத்தவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். அவர் மேல் தப்பில்லை. அந்தத் துணி தன் கைக்கு வந்தது அவருக்கே தெரியாது.

இளையவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். “நான்தான் மாமா. குழாய் வாயை அடைச்சுட்டு எடுக்க மறந்திருப்பேன். எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா துணி எங்க வீட்டுதுதான்” என்றார்.

சின்னவள் வெளியே வந்தாள். துணியைப் பார்த்தாள். நிமிர்ந்து வலைக்குள் அக்காவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று முகமே சொன்னது.

“ஏம்மா, உன்னுதா?” என்றார் முதலாளி.

“ஆமாப்பா. நான் போட்டதுதான்.”

பொய் இல்லை. அவள் போட்டிருந்த சட்டைதான். அக்காவுக்குக் கொடுத்ததை மட்டும் விட்டுவிட்டாள். முதலாளி பெருமூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மூத்தவர் பக்கமாக பானெட் மேல் வைத்தார்.

“எடுத்துக்குங்க மாப்பிள்ளை.”

பெரியவள் இத்தனை காலம் வயிறு எரிந்தது எதற்கோ, அது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவளும் மூடிக்கொண்டுதான் நின்றாள், சத்தியமாக நல்லவளாகும் எண்ணமே அவளுக்கு இல்லை. அப்போதுதான் சின்னவள் யாருக்கும் தெரியாமல் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். பரவாயில்லை, இருக்கட்டும்க்கா என்று.

வலைக்கதவு படாரென்று திறந்தது.

“என்னடி தலையை ஆட்டற? போட்டது நீ. குடுத்தது யாருக்கு?”

“அக்கா, விடு.”

“விட மாட்டேன். துவைச்சு மடிச்சு எனக்குக் குடுத்தேல்ல? குடுத்ததுக்கப்புறம் அது என்னுது. நான்தான் கையை வெட்டி இவருகிட்டத் தூக்கிப் போட்டேன். மத்ததெல்லாம் எங்க வீட்டுல தரை துடைக்குது. வேணும்னா வந்து பாருங்க. என் துணிப்பா அது. அவ துணி இல்ல.”

மூத்தவர் நீட்டிய கை சாவிக்கு மேல் அப்படியே நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டு, “அப்ப நான்தான் மாமா மறந்திருக்கேன்” என்றார்.

முதலாளி பெரியவள் பக்கம் திரும்பினார்.

“பொறந்ததுலேருந்து இது என்னுதுன்னு நீ அடிச்சுப் பேசி வாங்குனது ஒண்ணே ஒண்ணு” என்றார். “அதுவும் கந்தல்.”

சாவியை எடுத்து இளையவர் கையில் வைத்துவிட்டு, மூட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் பெரியவளும் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனார்கள். சிக்னலில் நின்றபோது திரும்பாமலே கேட்டாராம்.

“ஏண்டி சொன்ன?”

“அவ என்னைப் பாத்தா.”

“பாத்தா என்ன?”

“பரவால்லக்கான்னு பாத்தா. நீங்க அந்தச் சாவியை எடுத்திருந்தா அது அப்பா குடுத்த சாவி இல்ல. அவ குடுத்தது. தினம் காலையில ஷட்டரைத் தூக்கறப்பெல்லாம் அவ குடுத்ததைத்தான் நான் தூக்கிட்டு இருக்கணும். என்னால ஆகாது சாமி.”

விளக்கு பச்சையானது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவர் நகரவில்லை.

“அவன் மட்டும் என்ன? நான்தான் மாமான்னு உடனே ஒத்துக்கிட்டான் பாரு” என்றார். “எனக்கும் எரிஞ்சுது.”

அப்புறம் இரண்டு பேரும் நடுரோட்டில் சிரித்தார்களாம். சிரித்தபடியே அவள் அவர் முதுகில் முகத்தை வைத்துக் கொஞ்சம் அழவும் செய்தாளாம். சாவி போனது போனதுதானே.

இப்போது ஒர்க்‌ஷாப் இளையவர் பொறுப்பில் நடக்கிறது. மூத்தவர் அவரிடம் நேராகவே பேசுகிறார், பெரும்பாலும் குறை சொல்லத்தான். வேலை முடிந்ததும் துணிகளை உதறிப் பார்த்து எடுத்து வைக்கிற பழக்கம் அவருக்கு வந்திருக்கிறது. கண்ணாடி அறைக்கு வந்து உட்காரச் சொல்லிச் சின்னவள் மறுநாளே கூப்பிட்டாள். பெரியவள் வலையை விட்டு அசையவில்லை.

போன வாரம் நான் உப்புத்தாள் வாங்க ஸ்டோருக்குப் போயிருந்தேன். சின்னவள் வந்தாள். புது டாப்ஸ், இளம்பச்சை. கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு.

“எப்படிக்கா இருக்கு?”

பெரியவள் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். ஆசை கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“சுமார்தான்” என்றாள்.

சின்னவள் முகம் சுருங்கித் திரும்பிப் போனாள். அக்காவிடமிருந்து அவள் அப்படி ஒரு பதிலைக் கேட்டதே இல்லை.

“ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“நல்லா இருக்குன்னு வாயைத் திறந்தேன்னா நாளைக்கே துவைச்சு மடிச்சுக் கொண்டாந்து வச்சுடுவாண்ணே” என்றாள் பெரியவள். உப்புத்தாளை எடுத்து மேஜையில் போட்டாள். “அவளுக்குத்தான் அது நல்லா இருக்கு, பாவி. அவளே போட்டுக்கட்டும்.”